திரையோரத்துச் சாம்பல் எழுத்து

ஐப்பசி இடி புளியரை எடைமேடையில்
இறங்கிப்போன நான்காம் நாள்
செங்கோட்டையிலிருந்து மீரான் வந்தான்.
சட்டைப் பையில் ஸ்குரூடிரைவர்.
கேரி பேக்கில் ஒரு மதர்போர்டு,
தென்காசியில் யாரோ கழற்றிப் போட்டது.

பழையதைப் பிரித்து மேசையில் வைத்தான்.
கருகிய இடம் ஒரு மிளகளவு.
"இதுக்கா நாலு நாள் லாரி நின்னுச்சு?"
"கரண்டுக்கு மிளகு போதும், செண்பகக்கா."

பெட்டி அதே பெட்டி.
ஹார்ட் டிஸ்க்கும் அதேதான்.
அதற்குள் ஏழு வருஷத்து எடைச்சீட்டு,
முதலாளி மகள் கல்யாணப் பத்திரிகை,
நான் அடித்துவைத்து அனுப்பாத ராஜினாமாக் கடிதம்.
ஒன்றுவிடாமல் எழுந்து வந்தன.
கூடவே வலது கீழ்மூலையில்
அரைகுறையாய் அழித்த கரும்பலகை போல
ஒரு சாம்பல் வரி:
விண்டோஸை ஆக்டிவேட் செய்யவும்.

"எடை போடும்க்கா. அது பாட்டுக்கு இருக்கும்"
என்று மீரான் பஸ் ஏறினான்.

இருக்கவில்லை.
கொட்டாரக்கரைக்கு எம்-சாண்ட் ஏற்றிய தங்கச்சன்
சன்னலில் தலை நுழைத்தார்.
முப்பத்தோராயிரத்து நானூற்று இருபது.
அதைவிட்டு மூலையைப் படித்தார்.
"இவன் ஒரிஜினல் அல்லன்னு இவனே எழுதி வெச்சிருக்கான்.
பின்னே தூக்கம் எங்ஙனே ஒரிஜினல் ஆகும்?"
அவர் பாஷையில் தூக்கம் என்றால் எடை.
எனக்கு அன்றைக்கு இரண்டுமே போனது.
லாரியை இறக்கி அறையோரம் நிறுத்திவிட்டு
பணம் தரமாட்டேன் என்றார்.
பின்னால் பன்னிரண்டு லாரி ஹார்ன் அடித்தது.

நெட்டில் கேட்டேன். முடியாது.
மறுபடி கேட்டேன். முடியாது.
மதியம்தான் கண்ணில் பட்டது:
புது போர்டின் கடிகாரம்
இரண்டாயிரத்துப் பதினொன்றில் இருந்தது.
காலையில் கொடுத்த ஒன்பது சீட்டிலும் அந்தத் தேதி.
அந்த வருஷம் இந்த மேடையே கிடையாது.
தங்கச்சன் உட்பட ஒருவரும் பார்க்கவில்லை.

தேதியைத் திருத்தினேன்.
இப்போது வேறு பதில்:
இந்தச் சாவி வேறொரு கணினியுடையது.

வேறொரு கணினியா?
எஃப் எழுத்து தேய்ந்த அதே கீபோர்டு.
நான் பொட்டு ஒட்டிவைத்த அதே மானிட்டர்.
இது இல்லையென்றால்
எதன்முன் நான் ஏழு வருஷம் உட்கார்ந்திருந்தேன்?

கடைசியில் ஒரு போன் நம்பர் தந்தது.
அறைக்குள் ஆரியங்காவு டவர்தான் பிடிக்கும்.
கேரளத்துக்கு நல்வரவு என்று மெசேஜ் வரும்,
லைன் அறுந்துவிடும்.
இரும்பு மேடையின் நடுவில் நின்றால்
தமிழ்நாடு இரண்டு கோடு.

ஒன்பது கட்டம், கட்டத்துக்கு ஏழு எண்,
சீட்டின் பின்புறம் எழுதிக்கொண்டுபோய்
வெயிலில் நின்று அழுத்தினேன்.
சன்னலிலிருந்து திரையைப் பார்த்துத் தங்கச்சன் கத்தினார்:
"சேச்சி அறுபது கிலோ! அதில் தர்க்கம் இல்லை."

யாருமில்லாத அந்தப் பெண்குரல் கேட்டது:
எத்தனை கணினிகளில் பயன்படுத்துகிறீர்கள்?
மேசையில் கிடந்த கருகிய பலகை ஞாபகம் வந்தது.
அதை எண்ணவேண்டுமா?
ஒன்று, அழுத்தினேன்.
பொய் சொன்னதுபோல் விரல் சுட்டது.
இரும்பு மேடை, வெயிலாகவும் இருக்கலாம்.

பிறகு அது சொல்லத் தொடங்கியது.
எட்டுக் கட்டம், ஆறு ஆறாய்.
பேனா எழுதவில்லை.
நான் உரக்கச் சொல்லச் சொல்ல
தங்கச்சன் தன் லாரிக் கண்ணாடித் தூசியில்
விரலால் எழுதிக்கொண்டே போனார்.
ஒம்பது, ஏழு, பூஜ்யம், பூஜ்யம்...

சன்னல்வழி கண்ணாடியைப் பார்த்துத் தட்டினேன்.
கடைசிக் கட்டத்தில் ஒன்றா ஏழா தெரியவில்லை.
அவருக்கும் தெரியவில்லை.
ஒன்று என்றேன், மறுத்தது.
ஏழு என்றேன்.
சாம்பல் வரி
வந்த சுவடின்றிப் போயிற்று.

திரும்ப ஏற்றினோம்.
முப்பத்தோராயிரத்து நானூற்று இருபது.
சில்லறை வாங்காமல் வண்டியெடுத்தார்.
நாற்பத்தெட்டு எண்ணோடு கண்ணாடி
எஸ் வளைவு ஏறிப்போனது.
கோட்டைவாசலில் மழையாம்.